வருவதாகச் சொன்னவர்

"செத்துப்போன மனுஷனுக்கு எதுக்கும்மா போன் பண்றீங்க?"

பிரான்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்ரீரங்கத்துக் கண் கிளினிக்கில் அவள் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிரே நின்றவர் ஜீயபுரத்து வாழைத்தோட்டக்காரர், பெயர் தமிழ்மணியாம். கையிலிருந்த செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

'ரங்கசாமி அவர்கள் இன்று பரிசோதனைக்கு வருவதாக உறுதி செய்துள்ளார்.'

"எங்கப்பாம்மா. தை மாசமே போயிட்டாரு."

தப்பு தன்னுடையதுதான் என்று பிரான்சிக்கு உடனே புரிந்துவிட்டது.

நோயாளிகளைத் தானாகவே போனில் கூப்பிட்டு, வருவதாகச் சொன்னால் வீட்டாருக்கும் மெசேஜ் அனுப்பும் கிளினிக் புரோகிராம், டைப்ஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. உயிரோடு இருப்பவரை மட்டுமே கூப்பிட வேண்டும் என்று அதிலேயே ஒரு விதி உண்டு. முன்பெல்லாம் முதலில் ஒரு சோதனை நடக்கும். 'இறந்தவர்' என்று குறித்த பெயர் ஒன்று உள்ளே வந்துவிட்டாலும் அங்கேயே பிழை என்று கத்தி நிறுத்திவிடும். எதற்கு இத்தனை சடங்கு என்று பிரான்சிதான் போன வாரம் அதைத் தூக்கிக் கடாசினாள். ஒரு செட்டிங்கும் வேண்டாம், ஃபைல் பெயரை அடித்து என்டரைத் தட்டினால் நேரே ஓடும். மகா கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டும் இருந்தாள்.

"நேரா ஓட்டினா அந்த விதியையெல்லாம் அழிச்சிட்டுத்தான் ஓடும் சார். எதையும் சரிபார்க்காது. யாரு இருக்காங்க, யாரு இல்லன்னு அதுக்குத் தெரியாது. தப்புதான், மன்னிச்சிடுங்க. டாக்டருக்குத் தெரிஞ்சா இன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"நான் ஏம்மா சொல்லப்போறேன்? அப்பா பேரை அழிச்சிடு. போன் பண்ணது, மெசேஜ் வந்தது, எல்லாத்தையும் அழிச்சிடு. யாருக்கும் தெரிய வேணாம்."

சண்டைக்கு வந்தவர் இவ்வளவு நல்ல மனுஷனா என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தமிழ்மணி குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அந்தப் போனை எடுத்தது யாரு?"

"வீட்ல யாராவது எடுத்திருப்பாங்க சார்."

"போன் வீட்ல இல்ல. அது அவரோடயே போயிடுச்சு."

"அப்போ நம்பரை வேற யாருக்காவது கொடுத்திருப்பாங்க."

"அதான்! அதாம்மா இருக்கும்." அவர் பெருமூச்சு விட்டார்.

"பதில் பதிவாகியிருக்கும் சார், கேட்டுப் பார்த்துடலாம்" என்று பிரான்சி ஸ்பீக்கரைப் போட்டாள். போடாமலே இருந்திருக்கலாம்.

முதலில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. குழாய்த் தண்ணீர் இல்லை, கரை தொட்டு ஓடுகிற ஆற்றின் சத்தம். பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். தள்ளாத ஒரு குரல் நிதானமாகப் பேசியது.

"வரேன்... கண்ணுதான் ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டா இருக்கு. வந்துடறேன்."

தமிழ்மணி பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எங்கப்பா குரல்மா இது" என்றார். அடுத்த நொடியே, "அழி! அழிம்மா, சீக்கிரம்!" என்று கத்தினார்.

பிரான்சிக்குப் பயத்தோடு பயமாக இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. இதுபோல் இன்னும் எத்தனை இறந்தவர்களைக் கூப்பிட்டுத் தொலைத்தோமோ! வேலை போவதற்குள் அதையாவது தெரிந்துகொள்ள வேண்டும். தான் தூக்கிப் போட்ட அந்தச் சோதனையை அவளே மறுபடி ஓட்டினாள்.

திரை சும்மா இருந்தது. ஒரு பிழையும் இல்லையாம். இன்னொரு தடவை ஓட்டினாள். அப்போதும் இல்லை.

ஃபைலைத் திறந்து ரங்கசாமியின் பெயரைத் தேடிப் பார்த்தாள். பக்கத்தில் 'உயிருடன்' என்றே இருந்தது.

"சார், புரோகிராம் மேல தப்பே இல்ல. உங்கப்பா தவறிட்டார்னு எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லியே?"

தமிழ்மணி பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். கரை வைத்த புதுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ. கையிலிருந்த செல்போனில் அதே மெசேஜ் தெரிந்தது.

"பவுனம்மாளுங்க, ரங்கசாமி சம்சாரம்" என்று பிரான்சியிடம் சொன்னவள், மகனைப் பார்த்ததும் பூரித்துப்போனாள். "தமிழு, உனக்கும் மெசேஜ் வந்துச்சா? உங்கப்பா காசியிலேருந்து வந்துட்டாராம்டா! இத்தனை மாசமா ஒரு போன்கூடப் பண்ணாம, வீட்டுக்கும் வராம நேரா இங்க வர்றாராம் பாரு, பெரிய மனுஷன்!"

தமிழ்மணி தன் செல்போனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே? நீதானேடா அவரைக் கூட்டிட்டுப் போய் ரயிலேத்தி விட்டுட்டு வந்தே!"