மழைத்தேன் பாட்டில்

"இந்த எழுத்தை இங்க யாரு போட்டது?"

வந்த பெண்மணி இடது கையிலிருந்த தேன் பாட்டிலை மேசை மேல் வைத்தார். லேபிளில் 'மழைத்தேன்' என்று இருந்தது. அந்தச் சின்ன டிசைன் ஆபீசில் மவுஸ் சத்தம் அப்படியே நின்றுபோனது.

மூலை மேசைக்காரி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். போட்டது அவள்தான். ஒரு புள்ளி இம்மி தள்ளியிருந்தாலும் வேலையை முதலிலிருந்து ஆரம்பிப்பாள் என்பதால் ஆபீசில் அவள் பெயரே புள்ளி.

"நீங்க?" என்று இழுத்தார் முதலாளி.

"அந்த ஃபான்ட்டைச் செஞ்சவ."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கேட்காமலே உட்கார்ந்தார்.

பயத்தையும் மீறிப் புள்ளி அவரையே பார்த்தாள். கல்லூரியில் படிக்கும்போது இணையத்திலிருந்து இறக்கிய எழுத்துரு அது. யாரோ ஒருவர் தன் கைப்பட எழுதியதை அப்படியே ஃபான்ட்டாக மாற்றியிருந்தார். கு ஒரு மாதிரி வளையும், து வேறு மாதிரி வளையும். இருநூற்று நாற்பத்தேழில் ஒன்றில்கூட அவசரம் தெரியாது. ழவின் வால் மட்டும் கீழே இறங்கி, எதையோ யோசித்து நின்றது போல முடியும். அந்த ழவுக்காகவே மழை, வாழை, யாழ் என்று வெறுமனே டைப் செய்து பார்த்துக்கொண்டிருப்பாள். இதை எழுதியவர் எப்படி இருப்பார் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். இப்படி வந்து நிற்பார் என்று நினைத்ததில்லை.

எழுத்துருவோடு ஒரு குறிப்பும் வந்திருந்தது. சொந்த உபயோகத்துக்கு இலவசம், வியாபாரத்துக்கு என்னைக் கேட்கவும். தேன் கம்பெனிக்குச் சும்மா மாதிரி காட்டத்தான் அதைப் போட்டாள். அவர்களுக்கு அதுவே பிடித்துப்போனது. அனுமதி கேட்டு எழுதிய மெயில் போன வேகத்தில் திரும்பி வந்தது. வேறு எழுத்துக்கு மாற்றிவிடலாம் என்று முதலாளியிடம் கெஞ்சினாள். மெயில் திரும்பி வந்தால் ஆளே இல்லை என்று அர்த்தம், அச்சுக்கு அனுப்பு என்றுவிட்டார். கேஸ் கீஸ் என்று வந்தால் உன்னைத்தான் கைகாட்டுவேன், அன்றைக்கே உன் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

இல்லாத ஆள் இப்போது எதிரே உட்கார்ந்திருந்தார்.

முதலாளி டீ வரவழைத்தார். வந்தவர் தொடவில்லை. முதலாளி பேனாவையும் பேப்பரையும் நகர்த்தி, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார்.

"நான் எழுதறதில்ல."

முதலாளி புள்ளியின் பக்கம் குனிந்தார். "வக்கீல் பலமான ஆளு போல. எழுத்துல எதையும் தராதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கான்."

"அந்த ஃபைல் இங்க இருக்கா?" என்று கேட்டார் வந்தவர்.

"அச்சுக்குப் போனதுமே அழிச்சிட்டோம் மேடம்," என்று முந்திக்கொண்டார் முதலாளி. "என்ன புள்ளி?"

வந்தவரின் முகம் சட்டென்று விழுந்தது. கேஸ் போட வந்தவர் முகம் ஏன் இப்படி விழ வேண்டும் என்று புள்ளிக்குப் புரியவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தப்பும். ஆனால் அந்த ழவை எழுதியவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்கு மேடம். என் கம்ப்யூட்டர்ல."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏதாவது டைப் பண்ணிக் காட்டும்மா."

அவள் விரல் தானாகவே 'மன்னிச்சுக்கோங்க' என்று தட்டியது. வந்தவர் எழுந்து வந்து, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"இந்த வார்த்தையை நான் எழுதினதே இல்ல," என்றார். "வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு."

புள்ளிக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். எழுத்துருவை வைத்திருந்த இணையதளம் எப்போதோ மூடிப்போயிற்று. பழைய கம்ப்யூட்டரும் பழைய மெயில் முகவரியும் அதோடு போயின. போன வாரம் கடைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டாராம்.

"ஒரு அடுக்கு முழுக்க என் எழுத்து. நான் எழுதி வெச்ச மாதிரி."

தேன் கம்பெனியில் விசாரித்து இங்கே வந்திருக்கிறார்.

"எனக்கு ஒரு காப்பி குடுத்தா போதும். நீங்க தாராளமா வெச்சுக்குங்க."

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? உங்க கைதானே மேடம், இன்னொரு தடவை எழுதிக்கிட்டா முடிஞ்சுது," என்று சிரித்தார். அப்படியே பேனாவை மறுபடி நகர்த்தி, அனுமதி தந்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நல்லது என்றார்.

வந்தவர் இடது கையால் தன் வலது கையைச் சால்வைக்குள்ளிருந்து தூக்கி, பாட்டிலை வைத்தது போலவே மேசை மேல் வைத்தார். மடங்கிய விரல்கள் மடங்கியபடியே கிடந்தன.

"நீயே டைப் பண்ணும்மா, இந்த ஃபான்ட்லயே. கீழ என் பேரையும் போடு," என்றார் புள்ளியிடம். "ரெண்டு வருஷமா நான் எழுதினது இந்த பாட்டில்ல மட்டும்தான்."