அவசரக்கார விசை

ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி ஒன்று, ஒரு வீட்டுப் பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்தது. குண்டு இல்லாமல் சத்தம் மட்டும் போடும் துப்பாக்கி அது. பட்டறைக்காரர் பிலவேந்திரன் எஃகுத் துண்டை அறுத்து, அராவி, சின்னதாய் ஒரு புது விசை செய்து மாட்டினார்.

உள்ளே பழைய சுருள்வில் இருந்தது. "வா தங்கச்சி. இங்கே வேலை என்னன்னா..."

"தெரியும். அழுத்தினா வெடிக்கணும்," என்றது விசை.

"அதுக்கு முன்னாடி அவர்..."

"தயார்னு சொல்வார். அதுவும் தெரியும்."

பிலவேந்திரன் துப்பாக்கியை உயர்த்தி, "தயா..." என்றார். விரல் பட்டதுமே வெடித்துவிட்டது.

"பாதிப் பிள்ளைங்க ஓடிரும், பாதி நிக்கும்," என்று முணுமுணுத்தபடி விசையைக் கழற்றினார். "இன்னொரு தடவை பார்ப்போம். சரிவரலைன்னா பழைய இரும்புக்குத்தான் போகணும்."

அரத்தால் மெல்லத் தேய்த்து மறுபடி மாட்டினார்.

விசை மெல்லக் கேட்டது. "அண்ணே, என்னால பொறுக்க முடியலைன்னா?"

"என் மேல சாஞ்சுக்கோ. நீ முந்தினா நான் பிடிச்சுக்கிறேன்," என்றது வில்.

"தயா...ர்," என்று வேண்டுமென்றே இழுத்தார் பிலவேந்திரன். விசை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. விரல் முழுதாய் அழுத்திய பிறகுதான் சத்தம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே துப்பாக்கியை உறையில் போட்டார்.

உறைக்குள் வில் ஆசையாகப் பேச்செடுத்தது. "தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு..."

விசை குறுக்கே பேசவில்லை. வெகுநேரம் பொறுத்திருந்து, "சொல்லுண்ணே, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றது.

விசை குறுக்கிடும் என்றே பாதியில் நிறுத்தியிருந்த வில்லுக்கு, சொல்ல வந்தது மறந்தே போயிருந்தது.