பச்சைப் பட்டை

“மலர வேலையிலேருந்து நிறுத்தணும்னு நான் சொல்லலக்கா. சிஸ்டம் சொல்லுது.”

ஸ்ரீதரன் கணினித் திரையைச் செல்லத்தின் பக்கம் திருப்பினார். கம்பெனியின் உலு திராம் கிடங்குக்கு மேலாளராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயதில் சின்னவர், செல்லத்தை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

திரையில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக, மாதத்துக்கு ஒரு பட்டை நின்றது. பச்சை, மஞ்சள், சிவப்பு.

“கீழ நீங்க ஸ்கேனர்ல பெட்டிய பீப் பண்றீங்கள்ல, அது டேட்டா. அத சேத்துப் பாத்தா இன்ஃபர்மேஷன். அத வச்சு சிங்கப்பூர் ஹெட் ஆபீஸ்ல முடிவு எடுக்குறாங்க, யாரு வேணும், யாரு வேணாம்னு. ரொம்ப பேசிக்தான் லா. இதுல என் கை எங்க இருக்கு?”

செல்லம் தலையாட்டினாள். பால்மாவுப் பெட்டி ஏற்றுகிறவளை உட்காரவைத்து யாரும் இத்தனை பொறுமையாக எதையும் விளக்கியதில்லை. கேட்க மரியாதையாகக்கூட இருந்தது.

“பகல் ஷிப்டுக்கு ஒரு லீடர் வேணும். அந்த ஆளையும் சிஸ்டமே காட்டிருச்சு.”

அவர் விரல் ஒரு பச்சைப் பட்டையின் உச்சியில் போய் நின்றது. திரையிலேயே அதுதான் உயரம்.

“உங்க வீட்டுக்காரர் தவறுன மாசம்க்கா. வேற ஆளா இருந்தா படுத்திருப்பாங்க. நீங்க ஏறியிருக்கீங்க.”

செல்லம் அந்தப் பச்சையையே பார்த்தாள். அவள் வாழ்க்கையில் விடியவே விடியாத மாதம் அங்கே, யாரோ தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிபோலச் செழித்து நின்றது.

விரல் கீழே இறங்கி ஒரு சிவப்பைத் தொட்டது.

“அதே மாசந்தான் மலர் விழுந்தது. இவங்க வீட்டுல என்ன சாவோ?”

சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்துக்கொண்டார்.

செல்லம் வாயைத் திறந்தாள். பகல் ஷிப்டு என்றால் ராத்திரியில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட வேண்டாம். வாயை மூடிக்கொண்டாள்.

லீடரின் மஞ்சள் மேல்சட்டையை அவர் மேசைமேல் நகர்த்தி வைத்தார். “முதல் வேலையா மலர இங்க அனுப்பிருங்க.”

மலர் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தாள். செல்லம் மாட்டியிருந்த மேல்சட்டையைப் பார்த்ததும், கையிலிருந்த ஸ்கேனரைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்தி விறைப்பாக நின்றாள்.

“அலமாக், ஐயையோ, லீடரம்மா வராங்க. எல்லாரும் வேல செய்யிற மாதிரி நடிங்க.”

“உன்ன ஆபீசுக்கு வரச் சொல்றாரு.”

“எனக்குமா சட்ட?”

“அந்த மாசம் உன் நம்பர் கொறஞ்சிருச்சாம்.”

எந்த மாதம் என்று மலர் கேட்கவில்லை.

கம்பெனி கொடுத்த விடுப்பு கருமாதிக்கு முன்பே தீர்ந்துபோன மாதம் அது. செல்லம் வேலைக்கு வந்தாள். ஒரு பெட்டியைக்கூடத் தூக்கவில்லை. பால்மாவு அடுக்குகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள்.

அவரவர் பெயர் கார்டைக் காட்டினால்தான் ஸ்கேனர் கண்ணைத் திறக்கும். மலர் தன் கார்டைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செல்லத்தின் கழுத்திலிருந்ததைக் கழற்றி மாட்டிக்கொண்டாள். ஷிப்டு முழுக்க அவள் ஏற்றினாள். ஏற்றியதெல்லாம் செல்லத்தின் பெயரில் ஏறியது. மறுநாளும். அதற்கு மறுநாளும். மாதம் முடியும்வரை.

“நீ உக்காருக்கா. இந்த நேரத்துல நம்பர் விழுந்துச்சு, தூக்கிருவானுங்க. அழறவ யாரு, ஏத்துறவ யாருன்னு பீப்புக்கா தெரியப்போவுது?”

அடுத்தவர் கார்டைப் பயன்படுத்தினால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்று சுவரில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. இப்போதும் எழுதியிருந்தது. செல்லம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலர் ஸ்கேனரை ஒரு பெட்டியின்மேல் மெல்ல வைத்தாள்.

“நான் மட்டும் போயி சொன்னா நம்ப மாட்டாருக்கா. நீயும் வாயேன். கூட நின்னு ஒரு வார்த்த சொல்லு.”