ஒரு கன்னத்து வெயில்

"தினமும் யார் கார்ல போறே?"

கேட்டுவிட்டு அவன் கியரை ஓங்கி மாற்றினான். பக்கத்து இருக்கையில் மனைவி சீட் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டாள். முன்னால் போன வேன் சட்டென்று வேகம் குறைய, அவளுடைய கால் தரையை அழுத்தியது. அவன் பிரேக் போட்டது அதற்குப் பிறகுதான்.

தோல் டாக்டரிடம் அவளை இழுத்துப் போனதே அவன்தான். இடது கன்னம் மட்டும் கறுத்து, சுருக்கம் விழுந்து, வலது கன்னத்துக்கு அக்கா போல ஆகியிருந்தது. கண்ட கண்ட க்ரீமைத் தடவுகிறாள், டாக்டர் வாயால் நாலு வார்த்தை வாங்கட்டும் என்று நினைத்திருந்தான்.

டாக்டரம்மா க்ரீமைப் பற்றிப் பேசவே இல்லை. கண்ணாடியை ஏற்றி வைத்தாலும் வெயில் உள்ளே வந்து தோலைக் கிழடாக்கிவிடும் என்றார். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வலது பக்கம் இப்படி ஆகுமாம். "உங்களுக்கு இடது. வருஷக்கணக்கா முன்சீட்டுலயே உக்காந்து போறீங்கபோல" என்று சிரித்துவிட்டு, சாருக்கு ஊர் சுற்றுகிற வேலையா என்று அவனிடம் வேறு கேட்டார்.

அந்தச் சிரிப்பு அவனுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் அவளைக் காரில் ஏற்றுவது அத்தி பூத்தாற்போல. அவளுக்கோ ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுக்கப் போய், கேட்டில் உரசியதும் சாவியைப் பிடுங்கி, ஏழு ஜென்மம் எடுத்தாலும் உனக்கு வராது என்றவன் அவன்தான்.

அப்படியென்றால் ஓட்டுகிறவன் யார்? அவன் காலையில் ஆபீசுக்குப் போனால் இருட்டித்தான் திரும்புகிறான். நடுவில் கிடக்கிற பகல் முழுக்க இவள் யாரோ ஒருவனுடைய ஜன்னலோரம்.

போன வாரம் மொட்டைமாடியில் அவள் போனில் பேசியது இப்போது வேறு மாதிரிக் கேட்டது. பயப்படாதீங்க, நான் பக்கத்துலதானே இருக்கப்போறேன் என்று யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, சிநேகிதி என்றாள். அவனும் நம்பித் தொலைத்தான்.

சிக்னலில் கார் நின்றது.

"என்னைக் கேனையன்னு நெனச்சியா? எத்தனை வருஷமா நடக்குது?"

"ஆறு வருஷமா."

மறுப்பாள், அழுவாள், காலில்கூட விழுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். இந்த நேர்ப்பதில் அவனை அறைந்ததுபோல் இருந்தது.

"யாருடி அவன்?"

"ஒருத்தர் இல்ல. காலையில ஒருத்தர், மத்தியானம் ஒருத்தர். பாதிப் பேரோட மூஞ்சிகூட ஞாபகமில்ல."

அவள் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் பயம் இல்லை. கோபம் இருந்தது, அது இன்றைக்குப் பிறந்த கோபமாகவும் தெரியவில்லை.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. வண்டி நகர நகர, அவனுடைய இடது கை ஸ்டீயரிங்கை விட்டு அவள் முகத்தை நோக்கி ஓங்கியது.

அவள் இம்மிகூட விலகவில்லை.

"ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல வைங்க. இதைச் சொல்லிக் குடுத்துத்தான் டிரைவிங் ஸ்கூல்ல சம்பளம் வாங்கறேன்."