பழைய பதில்

என் மனைவி மரகதத்துக்கு வேண்டிய ரத்தம் கையிருப்பில் இல்லை என்றே காலையிலிருந்து ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டிருந்தது. மத்தியானம் வண்டியில் வந்த ரத்தப் பெட்டிகளை இறக்கியவன், இங்கே சுமை தூக்கும் நான்தான்.

“கேட்டதையே கேட்டா, உள்ள போய்த் தேடாம ஞாபகத்துல இருக்கிற பழைய பதிலையே சொல்லும்ண்ணே,” என்றாள் கவுண்டரில் இருந்த ஜெபசெல்வி.

“அந்த ஞாபகத்தை அழிச்சிரும்மா.”

“முன்னெல்லாம் அழிச்சா மொத்தமும் நின்னுரும், வரிசையே காத்துக் கெடக்கும். இப்ப அதைச் சின்னதாக்கி, கொஞ்சங்கொஞ்சமா அழிக்கிற மாதிரி மாத்திட்டாங்க.”

“எங்க வீட்டம்மா ஞாபகத்துக்கும் அப்படி ஒண்ணு போட்டுக் குடு தாயி,” என்றார் பின்னால் நின்றவர். வரிசை சிரித்தது.

ஜெபசெல்வி ஒரு பொத்தானை அழுத்தினாள். காலையிலிருந்து பார்த்துப் பார்த்து நான் எழுத்துக்கூட்டாமலே படிக்கப் பழகிவிட்ட ‘இல்லை’ திரையிலிருந்து மறைந்தது. அந்த இடத்தில் சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. பெட்டி தூக்கிய ஈரம் இன்னும் என் தோளில் இருந்தது. இப்போதுதான் அது உள்ளே போய்த் தேடுகிறது.