சிவப்பி கொடுத்த வெளிச்சம்

சிவப்பியை நீலன் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு காலை நேரம். குளத்தில் மிதந்த நீலப்பச்சைப் பாசியின் ஓர் உயிரணுவுக்குள் நிறமிகள் மூவர் வேலை பார்த்துவந்தார்கள். வெளிக்கோடியில் நிற்கும் சிவப்பி பச்சை வெளிச்சத்தைப் பிடித்துத் தன் கணவன் நீலனிடம் தருவாள். அவன் அதைக் கீழே இருக்கும் பச்சையனிடம் தள்ளிவிடுவான். அங்கேதான் அது உணவாகும்.

அந்த வருடம் குளத்தில் சத்து வற்றிவிட்டது. அப்படிப்பட்ட நாட்களில் உயிரணு தன் நிறமிகளையே வெளிக்கோடியிலிருந்து கரைத்துத் தின்னும். சிவப்பியின் ஓரங்கள் ஏற்கெனவே கரைந்திருந்தன.

"இந்தாங்க, பிடிங்க. உங்க கை என்னைக்குத்தான் வேகமா வந்திருக்கு?" என்று சிரித்தாள். "கையிலயே வச்சுக்காதீங்க, வெறும் சூடாப் போயிடும்."

அவன் வாங்கிக்கொண்டு நிமிர்வதற்குள் அவள் இல்லை.

"அண்ணே, சீக்கிரம் தள்ளுங்க! இங்கே எல்லாரும் பட்டினி" என்று கீழிருந்து பச்சையன் கத்தினான்.

"இது அவ கொடுத்ததுடா" என்றான் நீலன். கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒரு கணம் கதகதப்பாக இருந்தது. பிறகு அதுவும் நீரில் ஆறிப்போனது.

தன்மேல் நேராக விழும் ஆரஞ்சு வெளிச்சத்தை நீலன் இப்போதும் கீழே தள்ளுகிறான். பச்சை வெளிச்சமும் தினமும் வருகிறது. பிடிக்க ஆள் இல்லாததால் அவனைத் தாண்டிப் போய்விடுகிறது.