குருவின் உத்தரவு

“உபதேசம் கேட்டு வரலைம்மா. அன்னைக்கு என்னைத் திருப்பி அனுப்பினீங்களே, அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்.”

ராஜவேல் பழத்தட்டை நீட்டினார். ஆதிலட்சுமி அம்மாள் வாங்கிக்கொண்டு, “உட்காருங்க சார்” என்றார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அம்பாள் உபாசனையில் ஊறியவர் என்பது முத்தியால்பேட்டையில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும்.

மூன்று மாதங்களுக்கு முன் இதே கூடத்தில்தான் ராஜவேல் தம் தகுதிகளை அடுக்கினார். கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியர். கிடைத்த தந்திர நூல்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர். இருபது வருடமாக விடியற்காலை ஜபம்.

“வீட்ல யார் யாரு?” என்று மட்டும் அம்மாள் கேட்டார்.

“நான், சம்சாரம், அப்பா. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமா படுக்கைதான். சம்சாரந்தான் பாத்துக்குறா. எனக்கு அந்த வாடையே ஆவாது. பூஜை பண்றவன், அந்த ரூம் பக்கமே போறதில்ல.”

“சம்சாரத்துக்கு இதுல ஈடுபாடு உண்டா?”

“அவளா! தையல் மிஷினை விட்டா டிவி. ஒரு சுலோகம் முழுசா வராதும்மா.”

அம்மாள் சிரித்தார். “என் குருவைக் கேட்டுச் சொல்றேன். அவங்க உத்தரவு இல்லாம யாருக்கும் நான் குடுக்கறதில்ல.”

மறுவாரம் பதில் தயாராக இருந்தது.

“அருவருப்பு போகாதவங்களுக்கு இது கிடையாதுன்னுட்டாங்க. நாப்பத்தெட்டு நாள் அப்பாவுக்கு நீங்களே எல்லாம் செய்யணுமாம். அதுவரைக்கும் இங்க வர வேணாமாம்.”

ராஜவேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் படிப்பென்ன, ஜபமென்ன, பீ மூத்திரம் அள்ளச் சொல்கிறார்களே! ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு, அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று ஒரு காலையில் வாளியும் துணியுமாக அந்த அறைக்குள் போனார்.

குமட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். மனைவி பாக்கியலட்சுமி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வேறு துணி எடுத்து வந்து கணவர் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

மூன்றாவது வாரத்தில் வாடை தெரியவில்லை. முதுகைத் துடைக்கும்போது அப்பாவின் தோளுக்குக் கீழே ஒரு தழும்பைப் பார்த்தார். சைகோன் சண்டையில் குண்டு பாய்ந்த இடம். நாற்பத்தெட்டு வயதில் அன்றுதான் அதைத் தொட்டார்.

“நேத்தோட நாப்பத்தெட்டு நாளும் முடிஞ்சிதும்மா” என்றார் இப்போது. “சவரம் பண்ணிவிட்டேன். ரெண்டு வருஷமா வாய் தொறக்காத மனுஷன், என் கையைப் பிடிச்சிக்கிட்டு ‘மெர்சி’ன்னு பிரெஞ்சுல நன்றி சொன்னார்.”

கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“மந்திரம் கிடைக்கலன்னாலும் பரவால்ல. உங்க குரு எங்க இருக்காங்க? அவங்க காலைத் தொட்டுக் கும்பிடணும். காசியா இருந்தாலும் கெளம்பிடறேன்.”

“உங்களுக்கு உபதேசம் குடுக்கலாம்னு காலையிலதான் போன் பண்ணினாங்க.”

“நாப்பத்தெட்டு நாள் முடிஞ்சது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும் சார். வயசுல என்னைவிடச் சின்னவங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே அவங்க அம்மாகிட்ட தீட்சை வாங்கினவங்க. இதை வெளிய காட்டிக்காம இருக்கறதுதான் பெரிய தகுதி. இருபத்திரண்டு வருஷமா கட்டின புருஷனுக்கே தெரியாம வெச்சிருக்காங்க.”

“யாரும்மா அவங்க?” என்றார் ராஜவேல்.

“நேரா உங்க வீட்டுக்குப் போங்க சார்” என்றார் ஆதிலட்சுமி அம்மாள். “பாக்கியலட்சுமி அம்மாதான் என் குரு.”